அல்சூரில் பேர் வெட்டும் ஆசாரி கடை: என் பேரன் இல்மரியின் வெள்ளி டம்ளர்

பெங்களூரு அல்சூர் பஜார் தெருவில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில், ஒரு பாத்திரக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. "பேர் வெட்டுற ஆசாரி கடை எங்கே?" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். போன டிசம்பரில் என் பேரனுக்காக ஒரு வெள்ளி டம்ளரிலும் ஓர் எவர்சில்வர் தட்டிலும் அங்கே பெயர் வெட்டி வாங்கினேன். நான் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் 33 வருடம் ஃபிட்டராக இருந்தவன். உலோகத்தில் கை வைக்கிற வேலையைக் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பேன். அந்தக் கண்ணோடு பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

பேரன் பிறந்தது ஃபின்லாந்தில், இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவில் இருக்கும் தம்பெரே என்ற ஊரில். மகள் அங்கே வேலை பார்க்கிறாள். மருமகன் அந்த ஊர்க்காரர். பிள்ளைக்கு இல்மரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது மருமகனுடைய தாத்தாவின் பெயர். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதுதான் பேச்சில் பேரன் ஆயிற்று என்று பள்ளியில் எங்கள் தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அங்கேயும் அந்த வழக்கம் இருக்கிறது என்று தெரிந்தபோது மனசு நிறைந்துவிட்டது. அந்த ஊர்ச் சட்டத்தில் பிள்ளை பிறந்து 3 மாதத்துக்குள் பெயரைப் பதிய வேண்டும். 2019இலிருந்து 4 பெயர் வரை வைத்துக்கொள்ளலாம். அதனால் இரண்டாவது பெயராக என் அப்பாவின் பெயரையும் சேர்த்தார்கள்: வேலு. "எங்கள் மொழியில் வெலி என்றால் சகோதரன், அதுவும் ஆண் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்தான், வேலு என்று கூப்பிட்டால் யாருக்கும் அந்நியமாக இருக்காது" என்றார் மருமகன்.

மகள் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்பா, நம்ம வீட்ல எல்லாப் பாத்திரத்துலயும் பேர் இருக்குமே, அது மாதிரி இவனுக்கும் தமிழ்ல பேர் வெட்டி அனுப்புங்க."

முதலில் ஒரு பெரிய கடைக்குத்தான் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, லேசர் மிஷின். பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்து ஐந்தே நிமிடத்தில் ஒரு டம்ளரை நீட்டினார்கள். 'இலமரி' என்று இருந்தது. ல மேல் புள்ளி இல்லை. காட்டினால், "ஒரு புள்ளிதானே சார், யாருக்குத் தெரியப் போவுது" என்றார் கவுண்டரில் இருந்த பையன். புள்ளி போனால் அது வேறு எழுத்து. எழுத்து மாறினால் பெயரே மாறிவிடும். எவ்வளவு சொல்லியும் மாற்றித் தரவில்லை, பணமும் வரவில்லை. வெள்ளி டம்ளரை அவர்கள் கையில் கொடுக்காமல் விட்டதுதான் நல்ல காலம்.

அப்புறம் என் மனைவியின் அண்ணி சொல்லித்தான் அல்சூர் போனோம். இந்திரா நகரில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன். இறங்கி நடந்து போய்விடலாம். காரில் போகாதீர்கள், அந்தத் தெருவில் நிறுத்த இடமே இல்லை.

ஆசாரிக்கு எழுபது வயது இருக்கும். தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, யாரோ வீட்டுக் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். அண்டா, குடம், தூக்கு என்று வரிசையாக இருபதுக்கு மேல் இருக்கும். எவர்சில்வருக்கு மிஷின், வெள்ளிக்கும் பித்தளைக்கும் கை உளி. எங்கள் முறை வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. என்ன பேர் என்று கேட்டார், சொன்னேன். உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது எந்த ஊர்ப் பேர் சார்? என்ன அர்த்தம்?"

"அர்த்தம் தெரிஞ்சுதான் வெட்டணுமாண்ணே?"

"அர்த்தம் தெரியாம வெட்டினா, தப்பு பண்ணாலும் அது தப்புன்னு எனக்குத் தெரியாது சார்."

இந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கடையைப் பற்றி எழுதலாம். நல்ல வேளையாக எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மருமகனை உட்கார வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்குச் சொன்னேன்.

ஃபின்னிஷ் மொழியில் இல்மா என்றால் காற்று. வானிலைக்கும் அதே சொல். நாம் வானத்தை வைத்து வானிலை என்கிறோமே, அந்த மாதிரி. மா என்றால் நிலம். மாவும் இல்மாவும் சேர்ந்தால் மாஇல்மா. அதற்கு அர்த்தம் உலகம். நிலமும் காற்றும் சேர்ந்தால் உலகம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள். "தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மா, ரெண்டு மான்னு நிலத்தைச் சொல்லுவாங்களே" என்றார் ஆசாரி. அது தற்செயலாக அமைந்த ஒலி ஒற்றுமைதான், இரண்டு மொழிக்கும் உறவு இல்லை என்று சொல்லி வைத்தேன். ஆனால் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க நன்றாக இருந்தது.

இந்த இல்மாவிலிருந்து வந்தவன் இல்மரினென். அதன் சுருக்கம்தான் இல்மரி. ஆதியில் அவன் வானத்துக்கும் காற்றுக்கும் உரிய தெய்வம். ரஷ்யாவில் உத்முர்த் என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் மொழி ஃபின்னிஷுக்குத் தூரத்து உறவு. அவர்களுடைய வானக் கடவுளின் பெயர் இன்மார். அவ்வளவு பழைய வேர். 1551இல் மிகாயேல் அக்ரிகோலா என்பவர் பைபிளின் சங்கீதப் புத்தகத்தை ஃபின்னிஷில் கொண்டுவந்தார். அந்த மொழிக்கு எழுத்து வடிவம் அமைத்துக் கொடுத்தவர் அவர்தான். முன்னுரையில், ஜனங்கள் இன்னும் இந்தப் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறார்களே என்று குறைப்பட்டு ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். அதில் இல்மரினெனும் உண்டு: அமைதியான காற்றைத் தருபவன், வழிப்போக்கர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன். குறை சொல்ல எழுதியதுதான், ஆனாலும் அந்தப் பெயர் எழுத்தில் நின்றுவிட்டது.

வாய்மொழிப் பாட்டுகளில் பார்த்தால் இந்த வானத்துக்காரன் ஒரு கொல்லன். வானத்தையே சுத்தியலால் அடித்து மூடி மாதிரி செய்தவன் அவன் என்று பாடுகிறார்கள். அந்தப் பாட்டுகளை ஊர் ஊராக நடந்து சேகரித்தவர் எலியாஸ் லொன்ரோத் என்ற டாக்டர். நமக்கு உ.வே.சா. ஏடு தேடிப் போனது மாதிரி இவர் பாடகர்களைத் தேடிப் போனார். எல்லாவற்றையும் கோத்துக் கலெவலா என்ற காவியம் ஆக்கினார். அதன் முன்னுரையில் அவர் போட்ட தேதி 1835 பிப்ரவரி 28. அங்கே இன்றும் அது கொண்டாட்ட நாள். 1849இல் அதைப் பெரிதாக்கி, 50 பாடல்களில் 22,795 அடிகள் கொண்டதாக வெளியிட்டார்.

பிப்ரவரி 28 என்று மருமகன் சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2001இல் அதே தேதியில்தான் எங்கள் கோலார் தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். என் அப்பா வேலு, சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக் கொல்லுப்பட்டறையில் வேலை பார்த்தவர். பாறையைத் துளைக்கிற கம்பிகள் மழுங்கி மேலே வரும். அவற்றைக் காய்ச்சி, அடித்து, முனை போட்டுத் தண்ணீரில் தோய்ப்பார். கம்பி எந்த நிறத்துக்கு வந்ததும் எடுக்க வேண்டும் என்பது அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். துருத்தியை இழுக்க என்னை நிற்க வைப்பார். ஒரு கொல்லனின் பெயரும் இன்னொரு கொல்லனின் பெயரும் ஒரே பிள்ளைக்குச் சேர்ந்திருக்கின்றன. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மருமகனுக்கு என் அப்பா என்ன வேலை செய்தார் என்றே அப்போது தெரியாது.

"நாங்களும் அந்த வேலைதான் சார்" என்றார் ஆசாரி. "மேல சொல்லுங்க."

இல்மரினென் பிறந்த கதையைச் சொன்னேன். கரி மேட்டின் மேல் பிறந்தான், கையில் செப்புச் சுத்தியல், இன்னொரு கையில் சின்ன இடுக்கி. ராத்திரி பிறந்தவன் விடிந்ததும் பட்டறை போட இடம் தேடினான். ஆசாரி பலகையைத் தட்டிச் சிரித்தார். பிறகு வடக்கே போஹ்யொலா என்ற நாட்டில் அவனைச் சம்போ என்ற அதிசயப் பொருளைச் செய்யச் சொன்ன கதை. ஒரு பக்கம் மாவு அரைக்கும், ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் காசு. அதற்கு அவன் எடுத்துக்கொண்ட சரக்கு: அன்னத்தின் இறகு நுனி, கன்று போடாத பசுவின் பால், ஒற்றை வாற்கோதுமை மணி, கோடைக்கால ஆட்டின் உரோமம்.

உலையிலிருந்து உடனே சம்போ வந்துவிடவில்லை. முதலில் ஒரு வில் வந்தது, பார்க்க அழகு, ஆனால் தினம் ஒரு தலை கேட்டது. உடைத்து உலையில் போட்டான். அடுத்து ஓர் ஓடம், காரணமே இல்லாமல் சண்டைக்குப் போனது. அதையும் உடைத்தான். பசு வந்தது, பாலைத் தரையில் கொட்டியது. ஏர் வந்தது, அடுத்தவன் வயலை உழுதது. எல்லாவற்றையும் துண்டு துண்டாக்கித் திரும்ப உலைக்குள்ளேயே போட்டான். அப்புறம்தான் சம்போ.

ஆசாரிக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். "அழகா இருந்தும் உடைச்சான் பாருங்க, அவன்தான் சார் தொழில்காரன்." எனக்கும் அதேதான். தப்பான டம்ளரை நீட்டிய அந்தக் கடையை நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவன் கையில் எல்லாமே கூடி வந்தது என்றும் இல்லை. மனைவி இறந்த துக்கத்தில் தங்கத்தால் ஒரு பெண்ணைச் செய்து பக்கத்தில் படுக்க வைத்தான், உடம்பு சில்லிட்டதே தவிர உயிர் வரவில்லை. நிலவும் சூரியனும் களவு போனபோது தங்கத்தில் நிலவும் வெள்ளியில் சூரியனும் செய்து மரத்தில் ஏற்றினான், வெளிச்சம் வரவில்லை. என் மனைவிக்கு இந்தப் பகுதி பிடிக்காது, குழந்தைக்குச் சொல்ல வேண்டாம் என்கிறாள். நான் சொல்லத்தான் போகிறேன். எதைச் செய்ய முடியாது என்று தெரிந்தவன்தான் நல்ல கொல்லன்.

ஆட்களுக்கு இந்தப் பெயரை வைப்பது 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஃபின்னிஷ் மொழியில்தான் இனி எல்லாம் என்று அந்த ஜனங்கள் எழுந்த காலம் அது. பெரும்பாலும் இரண்டாவது பெயராக வைப்பார்களாம். இந்தப் பெயரால் அறியப்பட்ட ஒருவர் இல்மரி சல்மினென், 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர். அந்தப் பந்தயத்தில் முதல் மூன்று இடமும் ஃபின்லாந்துக்கே. அங்கே ஒவ்வொரு பெயருக்கும் நாள்காட்டியில் ஒரு நாள் உண்டு. இல்மரிக்கு ஜனவரி 16. நமக்கு அது மாட்டுப் பொங்கலாகவோ காணும் பொங்கலாகவோ அமையும். வெலிக்கு ஜனவரி 9. ஆக, வேலுவுக்கும் ஒரு நாள் கிடைத்துவிட்டது.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு சிக்கல். ஆசாரி கண்ணாடிப் பென்சிலால் டம்ளரில் எழுதிக் காட்டினார்: இல்மரி. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "மரின்னு முடியுதே" என்றாள். குழந்தை பெயர் அப்படி முடியலாமா என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. "இல்மாரின்னு வெட்டிடுங்க. மாரின்னா மழை, மாரியாத்தா பேர். வானத்துப் பேருக்கும் பொருத்தமா இருக்கும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானே சரி என்று சொல்லியிருப்பேன். ஆசாரி ஒப்பவில்லை. "அந்தப் பிள்ளையோட அப்பா எப்படிக் கூப்பிடறாரு? அதைக் கேக்கணும்."

போன் போட்டோம். நமக்குக் காலை பதினொன்றரை, அங்கே எட்டு மணி, ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு. மருமகன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று தடவை சொன்னார். அழுத்தம் முழுவதும் 'இல்' மேல். மரி சின்னதாக, லேசாக வந்து நிற்கிறது. மாரி இல்லவே இல்லை. நீட்டினால் என்ன என்று மகள் மூலமாகக் கேட்டேன். அவர்கள் மொழியில் துலி என்றால் தீ, தூலி என்றால் வீசுகிற காற்று, துல்லி என்றால் சுங்கம் என்றார். ஆசாரி உடனே, "நம்ம கல், கால் மாதிரி. அப்ப நீட்டக் கூடாது" என்று முடித்துவிட்டார்.

என் மனைவி முகம் வாடியதைப் பார்த்து அவர் ஒன்று சொன்னார். "மரின்னு முடிஞ்சா என்னம்மா? முன்னாலயே இல் இருக்கே. இல்லைன்னு அர்த்தம். மரிப்பு இல்லாதவன்."

இலக்கணப்படி அப்படிப் பிரிக்க முடியாது. சொல்லும் நம்முடையது இல்லை. ஆனால் அவள் கண் கலங்கிவிட்டது. வெட்டுங்க என்று தலையாட்டினாள்.

இனி வேலையைப் பற்றி. வெள்ளி டம்ளர் மெல்லியது. அடித்தால் உள்பக்கம் குழி விழும். அதற்காக டம்ளருக்குள் சரியாக உட்காரும்படி இழைத்த ஒரு மரக்கட்டையைச் செருகிக்கொண்டார். டம்ளர் அளவுக்குத் தகுந்த மாதிரி அப்படிப் பல கட்டைகள் அவரிடம் இருக்கின்றன. சிற்றுளியைச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சுத்தியலால் புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டே போகிறார், புள்ளிகள் சேர்ந்து கோடாகின்றன. ரி-யின் கொக்கி வளைகிற இடத்தில் புள்ளிகளை நெருக்கிப் போட்டார், அங்கேதான் சாதாரணமாக உடைந்து தெரியும். ஆழம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. விரலால் தடவிப் பார்த்தேன், பிசிறு எங்கேயும் தட்டவில்லை. குழந்தை வாய் வைக்கிற பாத்திரம் என்பதால் விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் எழுத்தை ஆரம்பித்தார், அதை நாங்கள் சொல்லவில்லை. ல் மேல் புள்ளியைக் கடைசியாக வைத்தார், ஒரே தட்டு. பிறகு விபூதி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். மறுபக்கம் வேலு.

எவர்சில்வர் தட்டு அவ்வளவு துல்லியம் இல்லை. அது மிஷின் வேலை. வேலு என்பதில் லு-வின் வால் கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. அவரே காட்டி, அந்தத் தட்டுக்குக் காசு வேண்டாம் என்றார். நான் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கு எழுத்துக்கு 25 ரூபாய், எவர்சில்வருக்கு 10. மெய்யெழுத்தும் ஓர் எழுத்துக் கணக்குதான், புள்ளிக்குத் தனியாக எதுவும் இல்லை. இரண்டு பெயருக்கும் சேர்த்து வெள்ளியில் 6 எழுத்து, 150 ரூபாய். தட்டுக்கு 60. போன்பே உண்டு.

குறை என்று சொன்னால் உட்கார இடம் இல்லை. ஒரே ஸ்டூல், வெயில் நேராக முகத்தில் அடிக்கும், முட்டி வலிக்காரர்கள் சாயந்திரம் போவது நல்லது. அமாவாசை அன்று கடை கிடையாது. முகூர்த்த மாதங்களில் சீர்ப் பாத்திரக் கூட்டம் நிறைய, ஒரு நாள் முன்னாலேயே கொடுத்துவிட்டு வரச் சொல்வார். அவருக்குப் பிறகு உட்கார யாரும் பழகவில்லை. வேலைக்கு ஐந்துக்கு ஐந்து, காத்திருக்கிற வசதிக்கு ஐந்துக்கு இரண்டு.

ஒரு பழைய நீளக் கணக்கு நோட்டில் தனக்குப் புதிதாக வந்த பெயர்களை எழுதி வைத்திருக்கிறார். புறப்படும்போது எங்கள் பெயரையும் எழுதினார். 'இல்மரி, வானம், கொல்லன் பேர், ஃபின்லாந்து. நீட்டக் கூடாது.'

டம்ளர் ஜனவரி 16க்கு நாலு நாள் முன்னாலேயே தம்பெரே போய்ச் சேர்ந்துவிட்டது. மகள் வீடியோவில் காட்டினாள், பாலாடைக்குப் பதிலாக அதில்தான் வெந்நீர் ஆற்றிக் கொடுக்கிறாள். நீங்கள் போவதாக இருந்தால், வெளியூர்ப் பெயரோ வடமொழிப் பெயரோ எதுவானாலும், வீட்டில் அதைச் சரியாகக் கூப்பிடுகிறவரைக் கூடவே அழைத்துப் போங்கள், இல்லையென்றால் போனில் கிடைக்கும்படி சொல்லி வையுங்கள். அவர் கேட்காமல் உளியை எடுக்க மாட்டார்.